தேயிலைக்கு முன் வந்த பெயர்

கேமரன் மலை என்றவுடன் தேயிலைத் தோட்டங்களே நம் கண்முன் நிற்கும். நம்மவர் பலர் கொழுந்து கிள்ளிப் பிழைத்த மலையல்லவா! அங்கே போ தேயிலை நிறுவனம் தொடங்கியது 1929-இல். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே, 1924-இல், அம்மலையின் அரணை ஒன்றை அறிவியல் உலகிற்கு அறிமுகப்படுத்தி, மலையின் பெயரையே அதற்குச் சூட்டியவர் மால்கம் ஸ்மித்.

1875-இல் இங்கிலாந்தில் பிறந்த இவர், தொழிலால் மருத்துவர். சயாம் அரண்மனையில் அரசி சவோபாவுக்கே வைத்தியம் பார்த்தவர். மனமோ பாம்பிலும் பல்லியிலும்! மருத்துவப் பணிக்கிடையே அவற்றைச் சேகரித்து ஆராய்ந்தார். பகாங் மலைகளில் கிடைத்த ஊர்வன, தவளைகளைப் பற்றி 1922-இலேயே கட்டுரை எழுதினார். காட்டைத் தேயிலை மூடுமுன் அங்கு எவை வாழ்ந்தன என்பதை அறிய இத்தகைய பதிவுகளே நமக்குத் துணை.

1925-இல் சயாமை விட்டு இலண்டன் சென்றார். மறு ஆண்டே கடற்பாம்புகள் பற்றிய நூல் வெளிவந்தது. பின்னர் பிரிட்டிஷ் இந்தியாவின் ஊர்வன பற்றி 1931, 1935, 1943-இல் மூன்று தொகுதிகள். தமிழகத்து ஓணானும் நல்லபாம்பும் அவற்றில் உண்டு. பொழுதுபோக்காகத் தொடங்கியவரின் உழைப்பா இது என வியக்கத் தோன்றுகிறது. 1947-இல் பிரிட்டிஷ் ஊர்வனவியல் கழகம் உருவாகக் காரணமாக இருந்து, அதன் தலைவராகவும் விளங்கினார். 1958-இல் மறைந்தார்.

அவர் பெயரிட்ட அரணை, மலைக்காட்டின் தரையில் வாழ்வது.