ஜக் டானியலும் அவருக்குத் தொழில் பயிற்றியவரும்

உலகின் பெரும்பாலான விமான நிலையங்களிலுள்ள தீர்வையற்ற கடைகளில் கறுப்பு நிற முகப்புச் சீட்டு ஒட்டப்பட்ட சதுரப் போத்தல் ஒன்றைக் காணலாம். மதுவைத் தொட்டறியாதவர்களும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும் பெயரை அறிவர். மது மார்க்கத்தால் விலக்கப்பட்டது என்பதில் உறுதிகொண்ட வாசகர்களும், அதனால் குடும்பங்கள் சீரழிவதை நாளாந்தம் காணும் வாசகர்களும் இப்பத்தியைப் படிப்பர் என்பதை நாம் மறந்துவிடவில்லை. நாம் இங்கு சொல்ல முனைவது அப்பெயருக்குரிய மனிதரின் வரலாறு. அதைச் சொல்லும்போது, அவருக்கு அத்தொழிலைக் கற்பித்த அடிமை ஒருவரின் வரலாற்றையும் சொல்லியாக வேண்டும்.

ஜஸ்பர் நியூட்டன் டானியல் என்ற முழுப்பெயரைக் கொண்ட ஜக் டானியல், அமெரிக்காவின் தென்மாநிலங்களுள் ஒன்றான டெனசியில், லின்ச்பேர்க் என்ற சிற்றூருக்கு அண்மையில் பிறந்தார். பத்துப் பிள்ளைகளுள் கடைசிப் பிள்ளை. அவரது கல்லறையில் பிறந்த ஆண்டு 1850 எனப் பொறிக்கப்பட்டுள்ளது. ஆனால், அவரைப் பெற்ற தாய் 1847 ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டதாக வேறு பதிவுகள் கூறுகின்றன. தாய் இறந்து மூன்றாண்டுகளின் பின் மகன் பிறந்திருக்க முடியாதல்லவா? உலகறிந்த ஒருவருடைய பிறந்த ஆண்டே இவ்வாறு முரண்பட்டுக் கிடக்கின்றது. தந்தையார் மறுமணம் செய்துகொண்டார். சிற்றன்னையுடன் சிறுவனுக்கு ஒத்துப்போகவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1864 இல், தந்தையும் இறந்தார். அநாதரவான ஜக், டான் கோல் என்பவரது பண்ணையில் அடைக்கலம் புகுந்தார்.

கோல் பல தொழில் பார்த்தவர். பண்ணை வைத்திருந்தார், பலசரக்குக் கடை நடத்தினார், லூதரன் சபையில் பிரசங்கமும் செய்தார். இவற்றோடு, பண்ணையின் ஒதுக்குப்புறத்தில் விஸ்கி வடிக்கும் கொப்பரை ஒன்றும் அவருக்கிருந்தது. பிரசங்க மேடையும் வடிகொப்பரையும் ஒருவரிடமே இருந்தமை அக்காலத்தில் அங்கு பெரிய முரண்பாடாகக் கருதப்படவில்லை. பிற்காலத்தில் சபையாரின் எதிர்ப்பு வலுத்தபோதே அவர் அத்தொழிலைக் கைவிட்டார்.

அக்கொப்பரையைப் பொறுப்பாக நின்று நடத்தியவர் நேதன் கிரீன். ஊரார் அவரை நியரெஸ்ட் என்றழைத்தனர். அவர் கறுப்பினத்தவர், அடிமை. கோல் அவரது உடைமையாளர் அல்லர். அவரைச் சொத்தாகக் கொண்டிருந்த நிறுவனம் ஒன்று, அவரைக் கூலிக்கு விட்டிருந்தது. ஒரு மனிதரின் உழைப்புக்கான கூலி அவருக்கன்றி வேறொருவருக்குச் சென்ற முறைமை அது. அந்த வட்டாரத்தில் விஸ்கி வடிப்பதில் அவரை விஞ்சியவர் இல்லையென்ற பெயர் அவருக்கிருந்தது. கோல் அவரிடம் சிறுவன் ஜக்கை ஒப்படைத்து, இவனுக்கும் இத்தொழிலைக் கற்றுக்கொடு என்று பணித்தார். அடிமை ஆசானாகவும் வெள்ளைச் சிறுவன் மாணாக்கனாகவும் அமைந்த இந்த உறவிலிருந்துதான் இன்றைய பெருவணிகம் தொடங்கியது.

கிரீன் கற்பித்தவற்றுள் தலையாயது கரியில் வடிகட்டும் முறை. சீனி மேப்பிள் எனப்படும் மரத்தின் பலகைகளை அடுக்கி எரித்துக் கரியாக்கி, நொறுக்கி, ஏறத்தாழ 10 அடி ஆழமான தொட்டிகளில் நிரப்புவர். வடித்தெடுத்த தெளிந்த மதுவை அக்கரியின் மேல் துளித்துளியாக விழவிட்டு, கீழே சேகரிப்பர். காரமும் எண்ணெய்த்தன்மையும் கரியில் தங்கிவிட, எஞ்சியது உட்புறம் கருக்கிய புதிய ஓக் மரப் பீப்பாக்களுக்குச் செல்லும். அண்டை மாநிலமான கென்டக்கியின் பேர்பனிலிருந்து டெனசி விஸ்கியை வேறாக்குவது இந்த ஒரு படிநிலைதான். 2013 இல் டெனசி மாநிலம் இயற்றிய சட்டமும், ஒரேயொரு வடிசாலைக்கு மாத்திரம் விலக்களித்து, இதனைக் கட்டாயமாக்கியது. மேற்கு ஆபிரிக்காவில் கரியால் நீரைச் சுத்திகரிக்கும் பழக்கம் இருந்ததென்றும், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் கைவழி அந்த அறிவு டெனசிக்கு வந்திருக்கலாமென்றும் ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். இது நிறுவப்பட்ட முடிபன்று. எனினும் புறந்தள்ளத்தக்கதும் அன்று.

1865 இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. கிரீன் விட்டுச் செல்லவில்லை. ஜக் டானியல் சொந்தமாகத் தொழில் தொடங்கியபோது, அதன் முதலாவது தலைமை வடிப்பாளராக, சம்பளம் பெறும் சுதந்திர மனிதராகப் பணியேற்றார். அவருக்குப் பின் ஜோர்ஜ், எலை ஆகிய புதல்வர்களும் அங்கேயே உழைத்தனர். வடிசாலை 1866 இல் தொடங்கப்பட்டதாக நிறுவனம் கூறிவருகிறது. ஆனால், காணிப் பத்திரங்களையும் பதிவேடுகளையும் ஆராய்ந்த வரலாற்றாசிரியர் பீற்றர் கிராஸ், 1875 ஆம் ஆண்டையே காட்டுகிறார். 1884 இல் ஜக் டானியல், வற்றாத குகை ஊற்றொன்று அமைந்த காணியை வாங்கினார். சுண்ணக்கற் பாறையினூடாக வரும் அந்நீரில் இரும்புச்சத்து இல்லை என்பதே அதன் சிறப்பு. வடிசாலை இன்றளவும் அவ்விடத்திலேயே இயங்குகின்றது.

ஐந்தடி இரண்டங்குல உயரம், நீண்ட மேலங்கி, அகன்ற விளிம்புள்ள தொப்பி, அடர்ந்த மீசை என்று தமது தோற்றத்தையே விளம்பரமாக்கிக்கொண்டவர் அவர். எல்லோரும் வட்டப் போத்தல்களில் அடைத்தபோது 1890களின் நடுப்பகுதியில் சதுரப் போத்தலைத் தெரிந்தெடுத்தார். ஊரில் பித்தளை வாத்தியக் குழுவொன்றை அமைத்தார். 1904 இல் சென் லூயிஸ் உலகக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றார். பழைய இலக்கம் 7 என்ற பெயரின் மூலம் பற்றிப் பல கதைகள் உண்டு. அரசாங்க வரிப் பதிவில் முன்னர் வழங்கப்பட்டிருந்த இலக்கத்தை, புதிய இலக்கம் வந்த பின்னரும் அவர் விடாமல் வைத்துக்கொண்டார் என்பதே அவற்றுள் நம்பத்தக்கதாக எமக்குப் படுகிறது.

அவர் மணமுடிக்கவில்லை. 1907 இல் தொழிலை மருமகன் லெம் மொட்லோவிடமும் மற்றொரு உறவினரிடமும் கையளித்தார். 1911 ஒக்டோபரில் குருதி நஞ்சானதால் இறந்தார். இரும்புப் பெட்டகத்தின் பூட்டு இலக்கம் நினைவுக்கு வராத கோபத்தில் அதை உதைத்ததால் ஏற்பட்ட காயமே அவரைக் கொன்றதெனச் சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்லப்பட்டு வந்தது. கிராஸ் இதை ஏற்கவில்லை. கதை சுவையானது என்பதற்காக நாமும் ஏற்கவேண்டியதில்லை.

மாமனிடமிருந்து மருமகனுக்குச் சென்றது வடிசாலை மாத்திரமே. 1924 இல் புகையிரதத்தில் கறுப்பினப் பணியாளர் ஒருவருடன் வாய்த்தர்க்கத்தில் ஈடுபட்ட மொட்லோ, துப்பாக்கியை எடுத்துச் சுட்டதில் வெள்ளையரான நடத்துநர் உயிரிழந்தார். அவரது சட்டத்தரணிகள் ஜூரிகளின் நிறத் துவேஷத்தைத் தூண்டி வாதிட்டனர். அவர் விடுதலையானார். மதுவிலக்கு நீங்கிய பின் 1938 இல் லின்ச்பேர்க்கில் உற்பத்தியை மீளத் தொடங்கியவரும் இவரே. 1956 இல் மொட்லோ குடும்பம் வடிசாலையை பிரவுன் ஃபோர்மன் நிறுவனத்துக்கு விற்றது.

அதன் பின்னர்தான் ஒரு பெயர் பல போத்தல்களாகியது. அவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுடையது. விளம்பரம் மறைப்பதை அளவுகள் காட்டிவிடுகின்றன. கறுப்புச் சீட்டுடைய பழைய இலக்கம் 7, ஜென்டில்மன் ஜக், சிங்கிள் பரல் ஆகிய மூன்றுக்கும் மூலக்கூழ் ஒன்றே: 80 வீதம் சோளம், 12 வீதம் முளைகட்டிய பார்லி, 8 வீதம் ரை. கரித்தொட்டியும் ஒன்றே. 1988 இல் வந்த ஜென்டில்மன் ஜக், பீப்பாவில் முதிர்ந்த பின் மறுமுறையும் கரியில் வடிகட்டப்படுகிறது. அதனால் மென்மை கூடிச் சுவையின் ஆழம் குறைகிறது என்பர். 1997 இல் வந்த சிங்கிள் பரல், பல பீப்பாக்களைக் கலவாது ஒரே பீப்பாவிலிருந்து நிரப்பப்படுவது. வெப்பம் மிகுந்த மேல்தளங்களில் முதிர்வதால் மரத்தின் சாரம் அதில் ஓங்கி நிற்கும். மதுசார வலிமை 47 வீதம். 2021 இல் பத்தாண்டு முதிர்ந்ததும் 2023 இல் பன்னிரண்டாண்டு முதிர்ந்ததும் விற்பனைக்கு வந்தன. முன்னதன் வலிமை 48.5 வீதம். மறுபுறத்தில், பெயர்பெற்ற கறுப்புச் சீட்டின் வலிமையோ 45 வீதமாக இருந்து, 1980களின் பிற்பகுதியில் 43 ஆகவும், 2000களின் தொடக்கத்தில் 40 ஆகவும் குறைக்கப்பட்டது. பெயர் அதுவே, போத்தல் அதுவே; நீர் மாத்திரம் கூடியது. வாடிக்கையாளர்கள் மனுவெழுதிக் கண்டித்தும் பலனில்லை. ஒரு காலத்தில் சாதாரணமாகக் கிடைத்த வலிமை, இன்று கூடிய விலைக்கு விற்கப்படும் சிறப்புப் போத்தல்களின் தகுதியாகிவிட்டது.

இத்தனை போத்தல்களுக்கும் பொதுவாயிருப்பது கரி. அக்கரியைச் சிறுவனுக்கு அறிமுகப்படுத்திய மனிதரின் பெயர் ஒருபோதும் இரகசியமாக இருந்ததில்லை என்பதே எம்மை உறுத்துவது. 1967 இல் வெளிவந்த ஜக் டானியல் வாழ்க்கை வரலாற்று நூலில் நியரெஸ்ட்டும் அவர் பிள்ளைகளும் மீண்டும் மீண்டும் குறிப்பிடப்படுகின்றனர். லின்ச்பேர்க்கின் கறுப்பினக் குடும்பங்கள் அதை அறிந்திருந்தன. கிரீனின் வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாக அதே வடிசாலையில் வேலை பார்த்தனர். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுக்கப்பட்ட புகைப்படமொன்றில் ஜக் டானியலுக்கு அருகே, வரிசையின் நடுவே, கறுப்பினத்தவர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். நியரெஸ்ட்டின் மகன் ஜோர்ஜாக இருக்கலாமென்பது ஆய்வாளர் கருத்து. அக்காலத் தென்மாநிலங்களில் கறுப்பினத் தொழிலாளியை முதலாளி அருகில் இருத்திப் படமெடுப்பது வழமையன்று. ஜக் டானியல் மறைக்கவில்லை. பின்வந்த விளம்பரக்காரர்களுக்கு அது தேவைப்படவில்லை. கதைகளில் கோல் போதகரே குருவாக்கப்பட்டார்.

2016 இல் நிறுவனம் தனது 150 ஆவது ஆண்டைக் கொண்டாடிய வேளையில் நியூயோர்க் டைம்ஸ் இவ்விடயத்தை எழுதியது. அதைப் படித்த ஃபோன் வீவர் என்ற கறுப்பின எழுத்தாளர் லின்ச்பேர்க் சென்று, ஆவணங்களைத் தேடியும் முதியோரின் வாய்மொழிகளைச் சேகரித்தும் கிரீனின் வாழ்வை மீட்டெடுத்தார். 2017 இல் நிறுவனம், தனது முதலாவது தலைமை வடிப்பாளர் நேதன் நியரெஸ்ட் கிரீன் என உத்தியோகபூர்வமாக ஏற்றுக்கொண்டது. ஜக் டானியல் இறந்து அப்போது ஏறத்தாழ 106 ஆண்டுகள் கடந்திருந்தன. அவரது புகைப்படங்கள் பல எஞ்சியுள்ளன. நியரெஸ்ட் கிரீனுடையதென உறுதிப்படுத்தப்பட்ட புகைப்படம் ஒன்றேனும் இல்லை.