சிறுமலர் தெரேசம்மாள்

நம் பங்கில் தெரேசம்மாள் என்ற பெயர் வழங்காத தெருவே இல்லை எனலாம். ஆயினும் அப்புனிதை என்னதான் செய்தார் என்று கேட்டால், ரோசா மலர்களும் பாடுபட்ட சுரூபமும் ஏந்தி நிற்கும் அவரது சுரூபத்துக்கு மேல் நம்மில் பலருக்குச் சொல்லத் தெரிவதில்லை. உண்மையில் அவர் செய்தவை மிகச் சிறியவை. இந்த யூபிலி மலருக்கு அவரை நாம் தெரிந்துகொண்டதும் அதனாலேயே.

பிரான்சு நாட்டின் அலான்சோன் நகரில் 1873 சனவரி 2 அன்று பிறந்தார். தந்தை கடிகாரத் தொழிலாளர். தாய் லேஸ் பின்னுபவர். (இவ்விருவரும் 2015 இல் புனிதர் பட்டம் பெற்றனர்.) நான்கரை வயதில் தாயை இழந்த தெரேசா, 1888 இல் பதினைந்து வயதில் லிசியே கார்மெல் மடத்தில் சேர்ந்தார். பிறகு அம்மதிலைத் தாண்டவேயில்லை.

அம்மடத்தில் நோயுற்ற முதிய சகோதரி ஒருவர் இருந்தார். மாலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அவரைக் கோவிலிலிருந்து உணவறைக்கு ஒருவர் நடத்திச் செல்லவேண்டும். வேகமாக நடந்தால் விழுத்தாட்டப் பார்க்கிறாய் என்பார். மெதுவாக நடந்தால் கையை விட்டுவிட்டாய் என்பார். எவர் செய்தாலும் குறைதான். நம் வீட்டு முதியோரிடமும் இதைக் காண்கிறோம் அல்லவா? தெரேசா தாமே அப்பணியைக் கேட்டு வாங்கினார். முடங்கிய கைகளால் அவர் ரொட்டியை நறுக்கத் திண்டாடுவதைக் கண்டு, யாரும் சொல்லாமலே நறுக்கிக் கொடுத்து, புன்னகை செய்துவிட்டு வருவார். கிழவியின் மனத்தை வென்றது அந்தப் புன்னகைதான்.

1896 பெரிய வியாழன் இரவில் அவர் இரத்தம் கக்கினார். காசநோய். அந்தப் பாஸ்கு காலத்திலேயே அதைவிடக் கொடிய சோதனை வந்தது: மோட்சம் என ஒன்று இல்லவே இல்லை என்ற இருள் மனத்தைக் கவ்விற்று. செபத்தில் ருசியில்லை என்று கோவிலையே மறந்துவிடுவோர் இதைக் கவனிக்கவேண்டும். அவருக்கும் ருசியில்லை. ஆனால் விசுவாசப் பிரமாணத்தைத் தம் இரத்தத்தாலேயே எழுதி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். கடைசி வரை அந்த இருள் முற்றும் நீங்கவில்லை. 1897 செப்டம்பர் 30 அன்று, இருபத்து நான்காம் வயதில் மரித்தார்.

அவர் மரணப்படுக்கையில் இருக்கையில், இவரைப் பற்றி மடத்துத் தாயார் என்னதான் எழுதப்போகிறாரோ என்று ஒரு சகோதரி ஐயுற்றாராம். மறு ஆண்டே அவர் தம் கைப்பட எழுதி வைத்திருந்த வாழ்க்கை வரலாறு அச்சாகி உலகெங்கும் பரவியது. 1925 இல் பாப்பரசர் பதினொன்றாம் பத்திநாதர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். 1927 இல், நம் முத்துக்குளித்துறைக் கரையெல்லாம் நடந்து போதித்த சவேரியாரோடு, மடத்து வாசலைத் தாண்டாத இவரையும் வேதபோதக நாடுகளின் பாதுகாவலியாக ஏற்படுத்தினார்.