கல்லுக்குள் கிடந்த பல்லி

ஜார்ஜ் கூவியே 1769ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 23ஆம் நாள் மோம்பெலியார் என்னும் ஊரில் பிறந்தார். இன்று அது பிரெஞ்சு நாட்டு ஊர். அன்று ஜெர்மானிய வூர்ட்டம்பர்க் அரசைச் சேர்ந்தது. ஸ்டட்கார்ட்டில் கற்றுத் தேறியும் அரசாங்க வேலை கிட்டவில்லை. நார்மண்டியில் ஒரு பிரபுவின் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போனார். ஊர்விட்டு ஊர் வந்திருக்கும் நமக்கு இது புதிய கதையன்று. ஓய்வு நேரத்தில் கடற்கரைக்குச் சென்று மீனையும் நத்தையையும் அறுத்துப் பார்த்து, உள்ளமைப்பை வரைந்து வைத்தார். அந்தப் படங்களே அவரை 1795இல் பாரிசுக்கு அழைத்துச் சென்றன.

அப்போது பிரெஞ்சுப் படைகள் ஹாலந்திலிருந்து அள்ளிவந்த அரும்பொருள்கள் பாரிசுக் காட்சிசாலையில் குவிந்துகொண்டிருந்தன. கொள்ளைப் பொருள் என்று சொல்வதே நேர்மை. அவற்றுள் இலங்கை யானையின் மண்டையோடு ஒன்றும், ஆப்பிரிக்க யானையின் மண்டையோடு ஒன்றும் இருந்தன. இரண்டும் வெவ்வேறு இனம், சைபீரியாவின் மாமதம் அவ்விரண்டிலும் சேராத, மண்ணுலகிலிருந்தே மறைந்துபோன இனம் என்று 1796இல் கூவியே நிலைநாட்டினார்.

மாஸ்ட்ரிக்ட் நகரின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கிடைத்த பெருந்தாடையும் அவ்வாறு வந்ததே. அறுநூறு புட்டி மது கொடுத்து அதைப் படையினர் மீட்டனர் என்றொரு கதை உண்டு. சுவையான கதைதான், நம்பத்தான் முடியவில்லை. முதலை என்றார் ஹாப்மன். திமிங்கிலம் என்றார் பேட்ரஸ் காம்பர். அவர் மகன் ஏட்ரியன் காம்பரோ, தந்தையின் முடிவையே மறுத்து, இது ஒரு பெரும் பல்லி என்று 1799இல் எழுதினார். தாடையில் மட்டுமன்றி அண்ணத்திலும் பற்கள் இருந்தன. முதலைக்கு அண்ணத்தில் பல் இல்லை. பல்லியினத்தில் சிலவற்றுக்கு உண்டு. கூவியே எலும்பு எலும்பாக ஒப்பிட்டு, உடும்புக்கும் இக்குவானாவுக்கும் இடையில் வைக்கத்தக்க கடற்பல்லி என்று 1808இல் உறுதி செய்தார். புகழ் பெரிதும் கூவியேக்கே போயிற்று. முதலிற் கண்ட ஏட்ரியனை இன்று எத்தனை பேர் அறிவார்? மோசசாரஸ் என்னும் பெயர் 1822இல்தான் அதற்கு வந்தது.

ஹார்லெம் நகரக் காட்சிசாலையில் வேறொரு கல் இருந்தது. நோவா காலத்து வெள்ளத்தில் மாண்ட மனிதனின் எலும்பு என்று ஷாய்க்சர் என்னும் சூரிச் மருத்துவர் 1726இல் அறிவித்த கல் அது. 1811இல் கூவியே அங்கே சென்றார். சாலமாண்டரின் எலும்புக்கூட்டுப் படத்தை அருகில் வைத்துக்கொண்டு கல்லைச் செதுக்கச் செய்தார். மறைந்திருந்த முன்னங்கால்கள், அவர் எதிர்பார்த்தபடியே வெளிப்பட்டன! வெள்ளத்து மனிதன் பெருஞ்சாலமாண்டர் ஆனான்.

அவரும் தவறினார். இங்கிலாந்திலிருந்து மான்டெல் அனுப்பிய பல்லை 1823இல் காண்டாமிருகத்தினது என்றார். மறு ஆண்டே தவற்றை ஒப்புக்கொண்டு அச்சிலும் எழுதினார். ஆனால் உயிரினங்கள் மாறி வளர்கின்றன என்பதைக் கடைசிவரை ஏற்கவில்லை. அதைச் சொன்ன லாமார்க்கை, அவர் மறைவுக்குப் பின் எழுதிய இரங்கலுரையிலும் விடாது தாக்கினார். இதனினும் கொடிது ஒன்றுண்டு. சாரா பார்ட்மன் என்னும் தென்னாப்பிரிக்கப் பெண் 1815இல் பாரிசில் இறந்தபோது, அவள் உடலை அறுத்து, எலும்புகளைக் காட்சிப்பொருளாக்கினார். மனிதரைத் தரம் பிரிப்பதில் அவருடைய கூரிய கண் குருடாகிவிட்டது.

பெற்ற மக்கள் நால்வரையும் பறிகொடுத்த கூவியே 1832 மே 13இல் பாரிசில் காலமானார். சாராவின் எலும்புகள் 2002இல் தாய்நாடு திரும்பி அடக்கம் செய்யப்பட்டன. மாஸ்ட்ரிக்ட் பல்லி இன்னும் பாரிசில்தான் இருக்கிறது.