கணித மேதையை வாட்டிய மர்ம நோய்

1920-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந்தேதி, சென்னை சேத்துப்பட்டில் கணித மேதை ராமானுஜம் காலமானார். அப்போது அவருக்கு வயது 32தான்.

அவருக்குக் காசநோய் என்று டாக்டர்கள் சொன்னார்கள். உலகமும் அதையே நம்பியது. ஆனால் 74 ஆண்டுகளுக்குப் பிறகு வேறொரு செய்தி வெளிவந்தது.

ஏழை மாணவர்

ராமானுஜம் 1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ந்தேதி ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தகப்பனார் சீனிவாச அய்யங்கார் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதி வந்தார். தாயார் பெயர் கோமளத்தம்மாள்.

ராமானுஜத்துக்குக் கணக்குதான் உயிர். மற்றப் பாடங்களில் மனம் செல்லவில்லை. அதனால் கல்லூரிப் பரீட்சையில் தோற்றார்.

1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவருக்குச் சீதபேதி கண்டது. ஊருக்குத் திரும்பினார். பிறகு உடம்பு தேறியது.

இந்தச் சீதபேதியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

சீமைப் பயணம்

1909-ல் ஜானகியை மணந்தார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா ஆனார். சம்பளம் மாதம் 30 ரூபாய். மறு ஆண்டு, இங்கிலாந்தில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்குத் தம் கணக்குகளை எழுதி அனுப்பினார். ஹார்டி வியந்து போனார். ராமானுஜத்தைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்தார்.

1914-ம் ஆண்டு மார்ச் மாதம் ராமானுஜம் கப்பல் ஏறினார். சில மாதங்களில் முதல் உலக யுத்தம் மூண்டது. அவர் சுத்த சைவர். தாமே சமைத்துச் சாப்பிட்டார். இரவு பகல் பாராமல் உழைத்தார்.

விட்டு விட்டு வந்த காய்ச்சல்

1917-ல் படுத்துவிட்டார். காய்ச்சல் வந்தது, போனது, மறுபடி வந்தது. வயிற்றில் வலி. உடம்பு இளைத்தது.

ஒரு டாக்டர் வயிற்றுப் புண் என்றார். பிறகு காசநோய் என்றார்கள். இரத்தத்தில் விஷம் கலந்திருக்கிறது என்றும் ஒரு சமயம் சொன்னார்கள். காசநோய்க்கு அந்தக் காலத்தில் மருந்து கிடையாது. குளிர்ந்த காற்றும் ஓய்வும்தான் சிகிச்சை. அதற்கான விடுதிகளில் அவரைச் சேர்த்தார்கள். நோய் தீரவில்லை.

நோயுடன் போராடும்போதே 1918-ல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் என்ற பெரும் புகழ் அவரைத் தேடி வந்தது.

1919-ல் தாயகம் திரும்பினார். ஜானகி அம்மாள் இரவும் பகலும் பணிவிடை செய்தார். வலி எடுக்கும்போது வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுத்தார். படுக்கையில் இருந்தபடியே ராமானுஜம் புதிய கணக்குகளை எழுதிக் குவித்தார். ஓராண்டில் உயிர் பிரிந்தது.

74 ஆண்டுகளுக்குப் பின்

டி.ஏ.பி.யங் என்பவர் ராமானுஜத்தின் நோய்க் குறிப்புகளைத் திரட்டி ஆராய்ந்தார். 1994-ல் தம் முடிவை வெளியிட்டார். அது காசநோய் அல்ல, ஈரலைத் தாக்கிய அமீபா நோயாகவே இருக்கலாம் என்பது அவர் முடிவு. இத்தனை காலத்துக்குப் பின் யாரும் அறுதியிட்டுக் கூற முடியாது. ஆனாலும் அடையாளங்கள் பொருந்துகின்றன.

சீதபேதியை உண்டாக்கும் அமீபா, கண்ணுக்குத் தெரியாத சிறிய கிருமி. அசுத்தமான தண்ணீர், உணவு மூலம் குடலுக்குள் புகும். பேதி நின்றாலும் கிருமி சாவதில்லை. பல ஆண்டுகள் பதுங்கி இருக்கும். பிறகு இரத்தத்தின் வழியே ஈரலுக்குப் போய்ச் சீழ்க் கட்டியை உண்டாக்கும். காய்ச்சல், வலது பக்கம் வலி, உடல் மெலிவு எல்லாம் வரும்.

இதற்கு அப்போதே மருந்து இருந்தது. எமிடின் என்ற ஊசி மருந்து அமீபாவைக் கொல்லும் என்று 1912-ல் கல்கத்தாவில் லெனார்டு ரோஜர்ஸ் என்ற டாக்டர் காட்டியிருந்தார். யுத்த காலத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் பலர் அமீபா நோயிலிருந்து குணமானார்கள். நோய் இன்னது என்று தெரிந்திருந்தால், மேதையும் பிழைத்திருக்கலாம்.

யங் தம் முடிவை வெளியிட்ட அதே 1994-ல்தான் ஜானகி அம்மாளும் காலமானார்.

இன்று மலம், இரத்தப் பரிசோதனைகளும் ஸ்கேனும் இந்த நோயைக் காட்டிவிடும். மாத்திரைகளும் உண்டு. ஆனால் டாக்டருக்கு வழி காட்ட வேண்டியவர் நோயாளிதான். காய்ச்சல் விட்டு விட்டு வந்தால், பத்து வருடத்துக்கு முன் வந்த பேதியையும் மறக்காமல் சொல்ல வேண்டும். பழைய நோய்தானே என்று விட்டுவிடக் கூடாது.