நைட்டிங்கேல் அம்மையார்

புளோரென்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் பெயரைக் கேட்டமாத்திரத்தில், கையில் விளக்கேந்தி நள்ளிரவில் நோயாளிகளிடையே உலவிய கருணை வடிவமே பலருக்கும் மனக்கண்முன் தோன்றும். அச்சித்திரம் பொய்யன்று, ஆயினும் முழுமையுமன்று. அவர் உலகத்துக்குச் செய்த உபகாரம் விளக்கைவிடக் கணக்கினாலேயே அதிகம் என்பது நமது அபிப்பிராயம். முதியோரையும் நோயாளிகளையும் வைத்துப் பராமரிக்கும் விடுதிகள் நம் நாட்டில் பெருகிவரும் இச்சமயத்தில், அவ்வம்மையாரின் சரித்திரத்தைத் தேசத்தொண்டர்கள் ஊன்றி நோக்குதல் அவசியமாகும்.

1820-ம் வருஷம் மே மாதம் 12-ந் தேதி, இத்தாலியிலுள்ள புளோரென்ஸ் நகரில், செல்வம் மிக்க ஆங்கிலக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரே குழந்தைக்கு இடப்பட்டது. இளமையிலேயே கணிதத்தில் அவருக்கு விசேஷப் பற்று உண்டு. தாதித் தொழில் அக்காலத்தில் இழிவாகக் கருதப்பட்டபடியால், அவருடைய விருப்பத்தைக் குடும்பத்தார் பல வருஷங்கள் தடுத்துவந்தனர். 1851-ல் ஜெர்மனியிலுள்ள கெய்ஸர்ஸ்வெர்த்தில் சில மாதங்கள் பயிற்சி பெற்று, 1853-ல் லண்டன் ஹார்லி வீதியில் நோயுற்ற மாதர்க்கான ஒரு சிறு விடுதியின் தலைமையை ஏற்றார்.

அடுத்த வருஷமே கிரிமியா யுத்தம் அவரை அழைத்தது. மந்திரி ஸிட்னி ஹெர்பர்ட்டின் வேண்டுகோளின்படி, 38 தாதியருடன் 1854 நவம்பரில் துருக்கியிலுள்ள ஸ்குடாரி ராணுவ ஆஸ்பத்திரியை அடைந்தார். உணவு, உடை, கட்டுத்துணி ஆகிய யாவற்றையும் அவர் திருத்தியமைத்தார். இருந்தும் மரணம் குறையவில்லை. 1855 பிப்ரவரியில் நோயாளிகளில் நூற்றுக்குச் சுமார் 42 பேர் மாண்டனர். குண்டுபட்ட காயங்களைவிட ஜுரமும் பேதியுமே அதிகமாகக் கொன்றன. மார்ச்சு மாதத்தில் சர்க்கார் அனுப்பிய சுகாதாரக் கமிஷனர்கள் வந்து, கட்டடத்தின் அடியில் அடைபட்டுக் கிடந்த சாக்கடைகளைத் திறந்து, அழுகிய பிராணிகளின் உடல்களை அகற்றி, காற்றோட்டத்துக்கு வழி செய்தனர். ஜூன் மாதத்தில் மரணம் நூற்றுக்கு 2 என்ற அளவுக்கு இறங்கிற்று.

இதன் முழுப்பொருள் அம்மையாருக்கும் அப்போதே புலப்படவில்லை. போதிய உணவின்மையும் அளவுகடந்த உழைப்புமே சிப்பாய்களைக் கொன்றன என்று எண்ணியிருந்தார். 1856-ல் தாய்நாடு திரும்பி, புள்ளிவிவர நிபுணர் வில்லியம் பார் என்பவருடன் கணக்குகளை ஆராய்ந்தபோதே உண்மை வெளிப்பட்டது. அன்பு நிறைந்த கைகள் பணிவிடை செய்துகொண்டிருக்க, அசுத்தமான கட்டடம் அவர்களைக் கொன்றிருக்கிறது! இவ்வுண்மையை அவர் மூடிமறைக்கவில்லை. 1857-ல் ஏற்பட்ட ராயல் கமிஷனின் முன் கணக்குகளை வைத்தார். யாவர்க்கும் விளங்குமாறு வர்ணப் படங்களாகவும் தீட்டிக் காட்டினார். வழக்கறிஞர் எவரும் இதனினும் சிறந்த சாட்சியம் கொண்டுவந்ததில்லை.

1860-ல் லண்டன் ஸெயிண்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் தாதியர் பள்ளி அவர் பெயரால் தோன்றிற்று. அவ்வருஷமே, எல்லா ஆஸ்பத்திரிகளும் ஒரேவிதமான படிவத்தில் நோய்க் கணக்கும் மரணக் கணக்கும் எழுதவேண்டுமென்று சர்வதேசப் புள்ளிவிவர மகாநாட்டுக்குத் திட்டம் அனுப்பினார். 1864 டிசம்பரில் லண்டன் அநாதை விடுதியொன்றில் கவனிப்பாரின்றி நலிந்த ஏழைத் தொழிலாளி ஒருவர் இறந்ததும், அது ஒருவருடைய மரணமன்று, ஒரு முறையின் குற்றம் என்று கண்டு, ஏழை நோயாளிகளின் விடுதிகள் யாவற்றையும் பரிசோதிக்குமாறு மந்திரியை வற்புறுத்தினார். 1865-ல் அவரால் பயிற்றப்பட்ட ஆக்னஸ் ஜோன்ஸ் லிவர்பூல் ஏழை விடுதியில் பணியேற்று, 1868-ல் அங்கேயே விஷஜுரத்துக்கு இரையானார். 1867-ல் லண்டன் ஏழை நோயாளிகளுக்குத் தனி வைத்தியசாலைகள் அமைக்கச் சட்டம் பிறந்தது. அம்மையார் கேட்டவை யாவும் அதில் இல்லை. எனினும் கதவு திறந்தது.

இந்தியாவில் அவர் கால் வைத்ததேயில்லை. ஆயினும் 1859-ல் நியமிக்கப்பட்ட கமிஷனுக்காக இங்குள்ள பட்டாள நிலையங்களுக்கெல்லாம் வினாத்தாள் அனுப்பி விவரம் திரட்டினார். வெள்ளைச் சிப்பாய்களில் ஆயிரத்துக்கு 69 பேர் வருஷந்தோறும் மாண்டுவந்ததை 1863-ம் வருஷத்து அறிக்கை வெளிப்படுத்திற்று. பின்னர் அவர் நோக்கம் பாளையத்தைவிட்டுக் கிராமத்தின் பக்கம் திரும்பியது. பஞ்சம், நீர்ப்பாசனம், குடியானவர் கடன் ஆகியவைபற்றி எழுதினார். ரிப்பன் பிரபுவின் ஸ்தல சுயாட்சிச் சீர்திருத்தங்களை ஆதரித்தார். அந்நிய ஆட்சியைத் திருத்தி நல்லதாக்கலாம் என்ற அவருடைய நம்பிக்கையை நாம் ஏற்பதற்கில்லை. அவருடைய நேர்மையை மறுப்பதற்குமில்லை.

1910 ஆகஸ்டு 13-ந் தேதி, தமது தொண்ணூறாவது வயதில் அவர் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யும் கௌரவத்தைக் குடும்பத்தார் அவர் விருப்பப்படி மறுத்தனர்.

நம் தேசத்தில் 2007-ம் வருஷத்துச் சட்டம் முதியோர் இல்லங்களுக்குக் குறைந்தபட்சத் தரங்களை வகுக்கும் பொறுப்பை மாகாண சர்க்கார்களுக்கு அளித்திருக்கிறது. சட்டம் ஏட்டில் இருப்பதனால் மட்டும் பாயில் கிடக்கும் கிழவருக்குப் பயனில்லை. வந்தவர் எத்தனை பேர், இறந்தவர் எத்தனை பேர், எதனால் இறந்தனர், பரிசோதித்தவர் யார், என்று பரிசோதித்தார் என்னும் விவரங்களை ஒவ்வொரு விடுதியும் பகிரங்கப்படுத்தவேண்டும். தருமசிந்தையுள்ளோர் நடத்தும் விடுதிக்குப் பரிசோதனை எதற்கு என்று கேட்போர் உண்டு. ஸ்குடாரியில் தருமசிந்தைக்கு என்ன குறை இருந்தது?