எல்லைக்கோட்டைத் தாண்டியவர்: பல்வங்கர் பாலு

ஆட்டம் என்றால் வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் இன்றும் பலர். படிக்கிற பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு என்று கேட்கும் பெற்றோரை நம் ஊர்தோறும் காணலாம். ஆனால் ஆடுகளமும் ஒரு பள்ளிக்கூடமே. பொறுமை, கட்டுப்பாடு, தோழனை நம்புதல், தோல்வியைத் தாங்குதல் ஆகிய பாடங்களை அது கற்றுத் தருகிறது. அப்பாடங்கள் களத்தோடு நின்றுவிடுகின்றனவா, களத்துக்கு வெளியேயும் ஒருவனோடு கூட வருகின்றனவா? இக்கேள்விக்கு விடை தேடி நான் படித்தவற்றுள் என் மனத்தை மிகவும் தொட்டது பல்வங்கர் பாலு என்னும் கிரிக்கெட் வீரரின் வரலாறு. அதை என் சக மாணவர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஊரும் ஆட்டமும்

அயர்லாந்து நாட்டில் தர்லஸ் என்னும் ஊரில் 1884-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மைக்கேல் கியூசாக் முதலிய சிலர் கூடினர். தம் நாட்டுப் பழைய விளையாட்டுகளைக் காப்பதற்கென்று ஒரு சங்கம் கண்டனர். ஹர்லிங் என்னும் மட்டையாட்டமும் கேலிக் கால்பந்தும் அச்சங்கத்தால் தழைத்தன. ஊர்தோறும் ஒரு குழு அமைந்தது. ஆடுவோர்க்கு ஊதியம் இல்லை. பள்ளி வயதிலிருந்தே பிள்ளைகள் தம் ஊருக்காக ஆடுகிறார்கள். ஊருக்காக ஆடி வளரும் பிள்ளை நாளை ஊரின் பொறுப்பையும் தோளில் ஏற்பான் என்பது அம்மக்களின் நம்பிக்கை.

நல்ல நம்பிக்கைதான். ஆனால் ஊர் வேறு, சேரி வேறு என்று பிரிந்து கிடந்த நம் நாட்டில், உன் ஊருக்காக ஆடு என்று சேரிப் பிள்ளையிடம் யார் சொல்வது? தர்லஸில் சங்கம் கூடிய அந்த ஆண்டில், பூனாவில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் வளர்ந்துகொண்டிருந்தான். அவனே பாலு.

உருளை இழுத்த இளைஞர்

பாலு 1876-ஆம் ஆண்டு தார்வாரில் பிறந்தார். தோல் தொழில் செய்யும் சமார் வகுப்பினர். தீண்டத்தகாதோர் என்று அக்காலச் சமுதாயம் ஒதுக்கி வைத்த வகுப்பு அது. தந்தையார் இராணுவத்தில் பணியாற்றியதால் குடும்பம் பூனாவில் தங்கியது. வெள்ளை அதிகாரிகள் வேண்டாமென்று எறிந்த மட்டையையும் பந்தையும் கொண்டு பாலுவும் தம்பி சிவராமும் ஆடப் பழகினர்.

பார்சிகளின் கிரிக்கெட் சங்கம் ஒன்றில் களத்தைப் பெருக்கி, உருளை இழுக்கும் வேலை முதலில் கிடைத்தது. மாதச் சம்பளம் 3 ரூபாய். 1892-இல் ஐரோப்பியரின் பூனா கிளப்புக்குச் சென்றார். அங்கே 4 ரூபாய். உருளை இழுப்பது, பயிற்சி வலைகளைக் கட்டுவது, டென்னிஸ் களத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவது ஆகியவை அவர் வேலைகள். இடையிடையே துரைமார்களுக்குப் பயிற்சிக்காகப் பந்து வீசவும் பணித்தனர்.

அந்த வேலையே அவருக்குப் பள்ளியாயிற்று. கிரெய்க் என்னும் ஆட்டக்காரர் மற்றவர்கள் வருமுன்பே வந்து, பாலுவை நெடுநேரம் பந்து வீசச் சொல்லி மட்டையடி பழகுவாராம். தம்மை வீழ்த்தும் ஒவ்வொரு முறையும் பாலுவுக்கு 8 அணா கொடுப்பார் என்றும் சொல்வதுண்டு. இடக்கையால் மெதுவாகச் சுழற்றி வீசும் பந்தின் நுட்பங்கள் அனைத்தையும் பாலு இவ்வாறே தேர்ந்தார். ஆனால் ஒரு நாளும் அவர் கையில் மட்டையைக் கொடுத்தாரில்லை. மட்டை பிடிப்பது எசமானரின் உரிமை. பந்து வீசுவது ஏவலாளின் உழைப்பு. களத்திலேயே மேல் கீழ் இருந்த காலம் அது.

மண் குவளை

பூனாவின் இந்துக்கள் ஐரோப்பியரை வெல்லத் துடித்தனர். வெல்வதற்குப் பாலு வேண்டும். சேர்த்துக்கொள்வதா, வேண்டாமா? நெடிய விவாதத்துக்குப் பின் வெற்றி ஆசை சாதித் தயக்கத்தை வென்றது. பாலு சேர்க்கப்பட்டார்.

எப்படிச் சேர்க்கப்பட்டார்? களத்தில் அவர் தொட்ட பந்தையே மற்றவர்களும் தொட்டார்கள். தேநீர் வேளை வந்ததும் நிலைமை மாறியது. மற்றவர்கள் உள்ளே அமர்ந்து பீங்கான் கோப்பையில் தேநீர் அருந்த, பாலுவுக்கு வெளியே மண் குவளையில் ஊற்றினார்கள். குடித்ததும் எறிந்துவிடும் குவளை. பகல் உணவுக்கும் தனி இடம், தனித் தட்டு. அவர் கைகால் கழுவத் தண்ணீர் கொடுக்க அவர் போன்ற மற்றொரு தாழ்த்தப்பட்ட ஊழியர்.

ஒரே ஆள், ஒரே நாள். எல்லைக்கோட்டுக்கு உள்ளே வீரர், வெளியே தீண்டத்தகாதவர். பாலு சினந்து கையை மடக்கிக்கொள்ளவில்லை. பந்து வீசினார். சாதாராவில் வெள்ளையர் அணியை எதிர்த்து ஏழு பேரை வீழ்த்தினார். வெற்றிகள் தொடர்ந்தன. சமுதாயச் சீர்திருத்தத் தலைவர் மகாதேவ கோவிந்த ரானடே வெளிப்படையாகவே பேசினார். பாலுவோடு ஆடலாம் என்றால் அவரோடு உண்ணவும் பருகவும் ஏன் கூடாது என்பது அவர் கருத்து.

பம்பாயும் இங்கிலாந்தும்

1896-இல் பூனாவில் கொள்ளை நோய் பரவியபோது பாலு பம்பாய்க்குச் சென்றார். பம்பாய், பரோடா, மத்திய இந்திய இரயில்வேயில் வேலை கிடைத்தது. இந்து ஜிம்கானா அணியில் சேர்வதற்கு அங்கும் எதிர்ப்பு எழுந்து அடங்கியது.

1906-ஆம் ஆண்டு பம்பாயில் இந்துக்கள் அணி ஐரோப்பியர் அணியைச் சந்தித்தது. இந்துக்கள் 242, 160 ஓட்டங்கள்; ஐரோப்பியர் 191, 102. 109 ஓட்டங்களில் இந்துக்கள் வென்றார்கள். இரண்டு முறையும் சேர்த்துப் பாலு வீழ்த்தியவர்கள் எட்டுப் பேர். ஆள்வோரை ஆளப்படுவோர் களத்தில் வென்ற செய்தி நாடெங்கும் பரவியது. அந்த வெற்றியைத் தேடித் தந்தவருள் முதல்வர், கோயிலுக்குள் நுழைய அனுமதி இல்லாத ஒருவர் என்பதையும் மக்கள் கவனித்தார்கள்.

1911-இல் பாட்டியாலா மகாராசா தலைமையில் அனைத்திந்திய அணி இங்கிலாந்து சென்றது. பாலுவுக்கு அப்போது 35 வயது. தோள்வலி வேறு. அந்த நிலையிலும் அப்பயணத்தில் 114 பேரை வீழ்த்தினார். அவற்றுள் 75 முதல்தர ஆட்டங்களில் கிடைத்தவை. லெஸ்டர்ஷயர் அணிக்கு எதிராகப் பாலு பதினொரு பேரை வீழ்த்த, இந்தியா வென்றது. ஊர் திரும்பியதும் தாழ்த்தப்பட்ட மக்கள் பம்பாயில் பாராட்டு விழா எடுத்தனர். அவ்விழாவின் வரவேற்புரையை எழுதியவர் அன்று இருபது வயது இளைஞராயிருந்த அம்பேத்கர் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். களத்தில் ஒருவர் பெற்ற பெருமை, களத்தையே காணாத ஆயிரமாயிரம் பேரின் முதுகை நிமிர்த்தியது.

தலைமை யாருக்கு?

33 முதல்தர ஆட்டங்கள், 179 விக்கெட்டுகள், சராசரி 15.21 என்பது பாலுவின் கணக்கு. தகுதிக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆயினும் இந்துக்கள் அணியின் தலைமை அவருக்குக் கிட்டவில்லை. ஆண்டுதோறும் பாலுவின் நண்பர்கள் கேட்டார்கள். ஆண்டுதோறும் வேறொருவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஏவலாளாக இருந்தவரைத் தோழனாக ஏற்றவர்கள், தோழனைத் தலைவனாக ஏற்க மறுத்தார்கள்.

1920-இல் பாலு அணியிலிருந்தே நீக்கப்பட்டார். அணித் தலைவர் பாய் நோயுற்றிருந்ததால், மூத்த ஆட்டக்காரரான பாலுவின் தம்பி விட்டலுக்குத் தலைமை வந்திருக்க வேண்டும். அதுவும் மறுக்கப்பட்டது. விட்டலும் சிவராமும் அணியிலிருந்து விலகினர். சாதியின் பெயரால் இழைக்கப்பட்ட அவமதிப்பை ஏற்க முடியாது என்று அறிக்கையும் விட்டனர். பொதுமக்களின் ஆதரவு அவர்கள் பக்கம் திரும்பியது. நிர்வாகிகள் இறங்கி வந்தார்கள். தம்பியர் திரும்பினர். பாலு துணைத் தலைவரானார். பாய் சற்று நேரம் களத்தை விட்டு விலகி நிற்க, அந்த நேரம் பாலுவே அணியை நடத்தினார்.

1923-இல் விட்டல் தலைவரானார். அவ்வாண்டு ஐரோப்பியரை வென்றபோது மக்கள் அவரைத் தோளில் தூக்கி ஆடினார்கள். உருளை இழுத்த அண்ணன் தொடங்கியதைத் தம்பி முடித்து வைத்தார். இடையில் ஓடியது முப்பது ஆண்டுகள்!

எங்கள் ஏரிக்கரையில்

பம்பாய்க் கதை நமக்கு எதற்கு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நான் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றைச் சேர்ந்தவன். எங்கள் பக்கத்தில் பாடு என்றொரு முறை உண்டு. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு அது. சச்சரவு வராமல் காத்த நல்ல ஏற்பாடுதான். ஆயினும் அந்த உரிமை எல்லா வீட்டுக்கும் இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் இறால் தடவிப் பிடித்து வயிறு வளர்ப்போரும் அதே ஏரியை நம்பித்தான் வாழ்கிறார்கள்.

படகுகள் கரையேறிய மாலை வேளையில் மணலில் காலால் கோடு கிழித்துச் சடுகுடு ஆடுவோம். அங்கே பாடு உள்ள வீடா, இல்லாத வீடா என்று யாரும் கேட்பதில்லை. பாடி வருகிறவனை மடக்க, பக்கத்தில் நிற்பவன் கையை இறுகப் பிடித்தாக வேண்டும். பிடி விட்டால் ஆள் போய்விடுவான்.

சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊருக்குப் போட்டிக்குச் சென்றிருந்தோம். முதல் நாள் மூன்று ஆட்டங்களை வென்றோம். இரவு சாப்பாட்டுக்கு எல்லாரையும் பந்தலுக்குள் அழைத்தவர்கள், எங்களுள் ஒருவனை மட்டும் பிறகு வரச் சொன்னார்கள். எங்கள் அணியின் சிறந்த பிடிகாரன் அவன். காரணம் எங்களுக்குத் தெரியும். எங்களுக்குள்ளே பேச்சு எழுந்தது. காலையில் இறுதி ஆட்டம், வெறும் வயிற்றோடு ஆட முடியுமா என்றான் ஒருவன். அவன் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கடைசியில் எங்கள் தலைவனாயிருந்த அண்ணன் ஏதும் பேசாமல் போய் அவன் அருகில் மணலில் அமர்ந்தார். ஒவ்வொருவராக நாங்களும் அமர்ந்தோம். வெகுநேரம் கழித்து இலைகள் மணலுக்கே வந்தன. மறுநாள் தோற்றுப்போனோம். ஆனாலும் அந்த ஆண்டுக்குப் பின் எங்கள் அணி கலையவே இல்லை.

அப்போது பாலுவின் பெயர்கூட எனக்குத் தெரியாது. பின்னாளில் 1920-ஆம் ஆண்டு நிகழ்ச்சியைப் படித்தபோதுதான் ஓர் உண்மை விளங்கியது. களம் தரும் சமத்துவம் தானாக நடந்து களத்துக்கு வெளியே வருவதில்லை. கூட ஆடியவர்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வரவேண்டும்.

பொது வாழ்வில்

பாலு பந்தைக் கீழே வைத்தபின் பொது வாழ்வில் இறங்கினார். 1932 செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானபோது அதற்குத் துணை நின்றோருள் அவரும் ஒருவர். சென்னைப் பரங்கிமலையைச் சேர்ந்த நம் எம். சி. ராஜாவும் அவரோடு நின்றார். தாழ்த்தப்பட்டோர்க்குத் தனித் தொகுதி வேண்டும் என்ற அம்பேத்கரின் வழியும் பாலுவின் வழியும் அங்கே பிரிந்தன. 1937-இல் பம்பாய்ச் சட்டசபைத் தேர்தலில் காங்கிரஸ் கட்சி பாலுவையே அம்பேத்கருக்கு எதிராக நிறுத்தியது. அம்பேத்கர் 13,245 வாக்குகள் பெற்று வென்றார். பாலுவுக்கு 11,225. தம்மை வரவேற்று எழுதிய இளைஞரிடமே பாலு தோற்றார். இருவர் வழியில் எது சரி என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுவர். இருவரும் சென்றடைய விரும்பிய ஊர் ஒன்றே என்பதில் ஐயமில்லை.

1955 ஜூலை 4 அன்று பம்பாயில் பாலு மறைந்தார். தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு 1950-இல் நடைமுறைக்கு வந்ததை அவர் கண்ணால் கண்டார். பின்னர் நெடுங்காலம் அவரைப் பலரும் மறந்தே போயினர். வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குகா 2002-இல் வெளியிட்ட நூல் அவரை மீண்டும் நினைவுக்குக் கொண்டுவந்தது.

நண்பர்களே! நம் கல்லூரி மைதானத்திலும் மாலைதோறும் பல ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து ஆடுகிறோம். பந்தை ஒருவருக்கொருவர் தயங்காமல் தருகிறோம். ஆட்டம் முடிந்து விடுதிக்கும் வீட்டுக்கும் தெருவுக்கும் திரும்பும்போது அந்தத் தயங்காமையை மைதானத்திலேயே விட்டுவிட்டு வருகிறோமா என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மண் குவளையில் தேநீர் குடித்துக்கொண்டே பந்து வீசிய அந்தப் பெரியவருக்கு நாம் எடுக்கக்கூடிய விழா வேறில்லை. வாழ்க பாலுவின் புகழ்!