பரங்கிமலையில் தொடங்கிய பணி

தாம்பரத்திலிருந்து மின்தொடர் வண்டியில் நாள்தோறும் சென்னைக்குச் செல்வோர் பரங்கிமலையை அறிவர். இந்தியாவை அளந்தறிந்த மாபெரும் பணி அம்மலையடியில்தான் தொடங்கியது என்பதை அறிந்தோர் சிலரே. அதனைத் தொடங்கியவர் வில்லியம் லாம்டன்.

இங்கிலாந்தின் யார்க்ஷயரில் எளிய குடும்பத்தில் பிறந்த இவர், படையில் சேர்ந்து வட அமெரிக்கா சென்றார். அங்குப் புதுக் குடியேற்ற நிலங்களை அளந்தார். கிரகணத்தை உற்றுநோக்கியதால் ஒரு கண்ணின் பார்வை கெட்டது.

1799இல் திப்பு சுல்தானை எதிர்த்த ஆங்கிலப் படையில் இவரும் இருந்தார். இரவில் திசைமாறி எதிரியின் பாசறை நோக்கி நடந்த படையை, விண்மீன்களைக் கண்டு இவர் திருப்பினார் என்பர். மாவீரர் திப்பு வீழ்ந்த பின்னரே இவரது நில அளவைத் திட்டம் இசைவு பெற்றது. அறிவுப்பணி ஆதிக்கத்தின் நிழலில் வளர்ந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

1802 ஏப்ரல் 10ஆம் நாள், பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே அளவை தொடங்கிற்று. 100 அடி எஃகுச் சங்கிலியால் ஏழரை மைல் அடிக்கோட்டை அளக்க 57 நாள்கள் ஆயின. வெயிலில் சங்கிலி நீளும். அந்த நுண்ணிய வேறுபாட்டையும் இவர் கணக்கிட்டார். அக்கோட்டின்மீது முக்கோணங்களை அடுக்கி, கோணங்களை மட்டும் அளந்து தொலைவுகளைக் கண்டார்.

1808இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின்மீது ஏற்றுகையில், அரை டன் எடையுள்ள கோணமானி கயிறறுந்து சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்டன் எவர்மீதும் பழி சுமத்தாது, கூடாரத்தில் தனித்திருந்து ஆறு வாரங்களில் தாமே அதனைச் செப்பனிட்டார். காடும் காய்ச்சலும் தொடர, முதுமையிலும் பணியாற்றி, 1823இல் ஹிங்கன்காட்டில் உயிர்நீத்தார்.

பணியைத் தொடர்ந்த எவரெஸ்டின் பெயர் உலகின் உயர்ந்த சிகரத்திற்குச் சூட்டப்பட்டது. அவருடைய கருவிகளைச் செப்பனிட்டுப் பெரும்பாராட்டுப் பெற்றவர் ஆர்க்காட்டைச் சேர்ந்த சையது மீர் மொஹ்சின் உசேன். லாம்டனையும் உசேனையும் இன்று நினைப்பார் அரியர். சங்கிலி சுமந்தோர், கொடி பிடித்தோர், காய்ச்சலில் மடிந்தோர் ஆகியோருக்கோ பெயர்கூட எஞ்சவில்லை.

மாணவச் செல்வங்களே! சிகரத்தின் உயரத்தைக் கணிக்க உதவிய முக்கோணத் தொடரின் முதற்கோடு நம் ஊர்ப்புறத்து மண்ணில் வரையப்பட்டது. புகழ் எவரைச் சேரினும், அளவு பிழையாதிருத்தல் வேண்டும் என உழைத்தவர்களின் வழி நாம் பின்பற்றத்தக்கது.